மலைநாட்டு மைதானங்கள் – 17: நித்தவெலவில் தங்கியவர்கள்

1983 ஏப்ரலில் அஸ்கிரியவில் அவுஸ்திரேலியாவோடு நடந்த டெஸ்ட் போட்டியைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்தப் போட்டி நடந்த நாட்களில், சில மைல் தள்ளி, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் படித்துக்கொண்டிருந்தான். குண்டசாலைப் பக்கம் நத்தரன்பொத்தவில் தகப்பனுக்குப் பிஸ்கட் தொழிற்சாலை. வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பையனைச் சுழலுக்கு மாறச் சொன்னவர் கல்லூரிப் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. பிற்பாடு 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரன் அந்தப் பையன்தான் என்று கண்டிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பாடசாலையை விட்டதும் அவர் எங்கே போனார்? கொழும்புக்கு, தமிழ் யூனியன் கழகத்துக்கு. திரித்துவக் கல்லூரியின் குமார் சங்கக்காரவும் கொழும்பு என்.சி.சி. வீரராகவே அறியப்பட்டார். மாகாணப் போட்டிகளில் இருவரும் கந்துரட்ட அணிக்கு ஆடினார்கள் என்பது உண்மை. ஆனால் வாராவாரம் ஆடும் கழகம் என்று பார்த்தால், கண்டி பெற்ற இரண்டு பெரிய கிரிக்கெட் வீரர்களும் கொழும்பின் சொத்து.

இதில் கண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1988–89 பருவத்தில் கழகக் கிரிக்கெட்டுக்கு முதல்தர அந்தஸ்து கிடைத்தபோது வலுவான கழகங்களும், தேர்வாளர்களும், பத்திரிகைகளும் கொழும்பில் இருந்தன. முரளியைக் கண்டியில் நிறுத்திவைக்கக் காசு இருந்திருந்தாலும் காரணம் இருந்திருக்காது. அவருக்கு வேண்டியது சம்பளம் அல்ல, எதிரே நின்று ஆடத் தரமான துடுப்பாட்டக்காரர்கள்.

பெரிய பணம் கொட்டாமல் ஒரு கழகம் தன் நட்சத்திரங்களை நிறுத்திவைக்க முடியுமா? உலகம் முழுக்க உதைபந்தாட்ட ரசிகர்கள் அலுக்காமல் கேட்கும் கேள்வி இது. கண்டியில் இதற்கு விடை தேடினால் கிரிக்கெட் உதவாது. நித்தவெலவுக்குத்தான் போகவேண்டும்.

நித்தவெல என்றால் கண்டி விளையாட்டுக் கழகம். 1874ல் தொடங்கியது. உதைபந்தாட்டத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். மலைநாட்டில் அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு முட்டை வடிவப் பந்தே பந்து. 1879ல் கொழும்பில் பிறந்த ஃபுட்போல் கிளப்பும் ஆடியது ரக்பியைத்தான். உருண்டைப் பந்தின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் காலத்தில் நட்சத்திரத்தை நிறுத்திவைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தத் துரை எந்தக் கழகத்துக்கு ஆடுவார் என்பதைத் தேயிலைக் கம்பனி தீர்மானித்தது. டிம்புளையில் வேலை என்றால் ரதெல்ல மைதானம், டிக்கோயா என்றால் டரவெல, ஊவா என்றால் பதுளைப் பக்கத்து ஜிம்கானா கழகம். மாற்றல் உத்தரவு வந்தால் ஆட்டக்காரரும் மாறினார். ஒப்பந்தம் முடிந்தால் கப்பலேறினார். 1926ல் ஆளுநர் ஹியூ கிளிஃபர்டின் மனைவி கொடுத்த கிளிஃபர்ட் கிண்ணத்துக்காக இந்தக் கழகங்கள் கொழும்போடு மோதின. ஒருகாலத்தில் டிம்புளை அணி என்றால் கொழும்புக்காரர்கள் யோசித்துத்தான் ரயிலேறுவார்கள். அந்த மைதானங்களைச் சுற்றி லயன்களில் வாழ்ந்த நம்முடைய தோட்டத் தொழிலாளர்களுக்கு அந்த ஆட்டத்தில் எந்த இடமும் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும்.

1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. துரைமார் போனார்கள். அவர்களோடு டிம்புளை, டிக்கோயா, ஊவாக் கழகங்களின் ரக்பியும் தேய்ந்தது. ஆள் வரவு முழுக்கக் கம்பனியை நம்பியிருந்த கழகங்கள் அவை. கண்டி மட்டும் தப்பியது. அதற்குக் காரணம் துரைமார் அல்ல, பாடசாலைகள்.

இந்தத் தொடரின் ஆரம்ப அத்தியாயங்களைப் படித்தவர்களுக்கு எல்.ஈ. பிளேஸ் என்ற பெயர் நினைவிருக்கும். 1891ல் பின்னாளில் கிங்ஸ்வூட் என்று பெயர்பெற்ற பாடசாலையைத் தொடங்கியவர், அதே ஆண்டில் பையன்களுக்கு ரக்பியும் சொல்லிக்கொடுத்தார். 1906ல் கிங்ஸ்வூட்டும் திரித்துவமும் மோதிய ஆட்டம்தான் இலங்கையில் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் ரக்பிப் போட்டி. 6–6 என்று சமநிலையில் முடிந்தது. 1945ல் கொழும்பு றோயலுக்கும் திரித்துவத்துக்கும் பிரட்பி கேடயம் தொடங்கியபோது, கண்டியில் ரக்பி தெரியாத வீடு குறைவு. பிறகு அந்தோனியார், தர்மராஜ, வித்யார்த்த, சில்வெஸ்டர் என்று வரிசை நீண்டது. ஒரு நகரத்தின் சில மைல் சுற்றுவட்டத்துக்குள் இத்தனை பாடசாலைகள் ஆண்டுதோறும் பயிற்சிபெற்ற பதினெட்டு வயது இளைஞர்களை வெளியே அனுப்பின. ஸ்பெயினின் பில்பாவோ நகரத்துக்கு வெளியே இப்படியொரு வாய்ப்பு வேறு யாருக்கு இருந்தது என்று தெரியவில்லை. பில்பாவோ கதைக்கும் வருவேன்.

வினோதம் என்னவென்றால், இவ்வளவு விளைச்சல் இருந்தும் கண்டிக் கழகம் பல பத்தாண்டுகள் பெரிய கோப்பை எதையும் பார்க்கவில்லை. பையன்கள் பாடசாலைத் தொப்பியைக் கழற்றியதும் கொழும்பு பஸ் ஏறினார்கள். இதற்குப் பணம்தான் காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மை. ரக்பி அப்போது சட்டப்படி சம்பளமில்லா விளையாட்டு. எந்தக் கழகமும் வெளிப்படையாக ஒரு சதம் கொடுக்கக்கூடாது. அந்தச் சட்டம் ஏழைக் கழகத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். நடந்தது நேர்மாறு.

ஏனென்றால் கொழும்பு சம்பளம் கொடுக்கவில்லை, உத்தியோகம் கொடுத்தது. கோட்டையிலும் யூனியன் பிளேசிலும் இருந்த வர்த்தக நிறுவனங்களுக்கு ரக்பி ஆடிய பையன் என்றால் தனிப் பிரியம். சி.ஆர். அன்ட் எஃப்.சி.க்கோ சி.எச். அன்ட் எஃப்.சி.க்கோ ஹெவ்லொக்குக்கோ ஆடினால், மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் முகாமையாளரும் அதே கழகத்து ஆளாக இருப்பார். பொலிஸும் முப்படைகளும் இன்னும் ஒரு படி மேலே: நிரந்தர வேலை, சீருடை, கடைசியில் ஓய்வூதியம். மகனின் முழங்கால் தசைநார் இருபத்துநான்கு வயதில் அறுந்துவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்படும் தாய்க்கு, கழகத்தின் பெருமையைவிட அரசாங்க உத்தியோகம் பெரிது. அதைப் பிழை என்று யார் சொல்வார்? படை அணி ஒன்றை விட்டு வேறு கழகத்துக்குப் போகவேண்டுமானால் வேலையையே விடவேண்டும். நட்சத்திரத்தைக் கட்டிப்போட இதைவிடச் சிக்கனமான வழி உலகத்தில் இல்லை. மாற்றத் தொகையும் இல்லை, முகவரும் இல்லை. செலவு பாதுகாப்பு அமைச்சின் கணக்கில் போய்விடும்.

ஆக, கண்டி தோற்றது பணப்பைக்கு அல்ல. வேலை தரக்கூடிய கந்தோர்கள் கொழும்பில் இருந்தன, அவ்வளவுதான்.

1990களில் இந்தக் கணக்கு புரண்டது. புரட்டியவர் மலிக் சமரவிக்கிரம. தொழிலதிபர், ஐக்கிய தேசியக் கட்சிப் பிரமுகர். 2015க்குப் பின் அபிவிருத்தி உபாயமுறைகள், சர்வதேச வர்த்தக அமைச்சராகப் பலருக்கும் தெரிந்தவர். நித்தவெலவில் அவருக்கு அதைவிடப் பெரிய பெயர். கழகத் தலைவராக அவர் செய்ததைக் கண்டிக்காரர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது, பையன்களுக்கு வேலை பார்த்துக் கொடுத்தார் என்பதைத்தான். அனுசரணையாளரைக் கொண்டுவந்தார், பயிற்றுவிப்பாளரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார் என்பதெல்லாம் அடுத்த வரிகளில்தான் வரும். அந்த வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர்கள் நித்தவெலவில் கால்வைத்த பின், பிலிமத்தலாவையிலோ அம்பிட்டியவிலோ இருந்து பஸ்ஸில் வரும் ஒரு பையனுக்குக் கொழும்பில் கிடைக்காத தரமான ஆட்டம் சொந்த ஊரிலேயே கிடைத்தது. முரளிக்குக் கண்டியால் கொடுக்க முடியாமல் போனதும் அதுதான்.

கோப்பைகள் அந்தப் பத்தாண்டில்தான் மலையேறத் தொடங்கின. பிரியந்த ஏக்கநாயக்க, இம்தி மரிக்கார் போன்றவர்களின் பெயர்கள் கொழும்புப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை நிரப்பின. 2000களில் லீக் பட்டம் நித்தவெலவை விட்டு வெளியே போனால்தான் செய்தி. 1999 முதல் சில ஆண்டுகள் போகம்பரை மைதானத்தில் நடந்த சர்வதேச எழுவர் ரக்பிச் சுற்றுப்போட்டி, ஆசிய அணிகளையே கண்டிக்குக் கொண்டுவந்தது. தேசிய அணியில் இடம் பிடிக்கக் கொழும்பில் இருந்தாக வேண்டும் என்ற பழைய நியாயம் அதோடு செத்தது.

உலகமும் அதே நேரத்தில் மாறிக்கொண்டிருந்தது. 1995 ஓகஸ்டில் சர்வதேச ரக்பிச் சபை சம்பளத் தடையை நீக்கியது. நான்கு மாதம் கழித்து, டிசம்பரில், ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜிய உதைபந்தாட்ட வீரர் ஜோன் மார்க் பொஸ்மனின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பழைய கழகம் தடுக்கவும் முடியாது, அவருக்காகப் பணம் கேட்கவும் முடியாது. வட்டப்பந்திலும் முட்டைப்பந்திலும் வீரர் கைக்கு அதிகாரம் வந்த ஆண்டு அது. சிறிய கழகங்கள் இனி அழிந்தன என்று எல்லோரும் எழுதினார்கள். அந்த ஆண்டுக்குப் பிறகுதான் கண்டிக் கழகம் தன் வரலாற்றின் உச்சிக்குப் போனது.

இதைக் கேட்டதும் "அப்போ செலவே இல்லாமல் சாதித்துவிட்டார்கள்" என்று முடிவுகட்டக் கூடாது. செலவு இருந்தது. வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர் இலவசமாக வரமாட்டார். போகப்போக வீரர்களுக்கு ஒப்பந்தப் பணமும் கொடுக்கப்பட்டது; கொழும்புப் பாடசாலைகளில் ஆடிய பையன்கள் மலையேறி வந்து கண்டிக்கு ஆடியதும் உண்டு. கண்டியைப் "பணக்காரக் கழகம்" என்று கொழும்பு ரசிகர்கள் கிண்டலடித்த காலம்கூட இருந்தது. ஐம்பது வருடம் பையன்களை அள்ளிக்கொண்டு போனவர்கள் அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருவதை மறைக்க மாட்டேன். ஆனால் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஒரு தனிமனிதரின் செல்வாக்கும் தொடர்புகளும் கழகத்தின் முதலாக இருந்தன. அப்படிப்பட்ட முதல் வங்கியில் கிடப்பதில்லை. மனிதர் விலகினால் கூடவே விலகிவிடும்.

அது விலகாமல் நின்றதற்கு நான் காட்டும் சாட்சி ஃபாசில் மரிஜா.

கிங்ஸ்வூட் பையன். 2000களின் நடுவில் நித்தவெலவுக்கு வந்து பத்தாம் இலக்கச் சட்டையைப் போட்டவர், தன் கழக ஆட்டக்காலத்தை அங்கேயே முடித்தார். உயரமோ பருமனோ பெரிதில்லை. பத்தாம் இலக்கக்காரர் பந்தைக் கையில் வாங்கும்போது, எதிரணியின் கனத்த முன்வரிசை ஆட்கள் அவரை நோக்கி வந்துகொண்டிருப்பார்கள். உதைப்பதா, கொடுப்பதா, தானே பாய்வதா என்று தீர்மானிக்க ஒரு மூச்சு நேரம். மரிஜா அந்த ஒரு மூச்சில் எதிரணியின் பின்வரிசை எங்கே நிற்கிறது என்று பார்த்து முடித்திருப்பார். இலங்கை அணிக்குத் தலைவராகவும் இருந்தார். அவருடைய உச்சகாலம், கொழும்புக் கழகங்களும் கடற்படையும் ஆட்களுக்கு வலை விரித்துக்கொண்டிருந்த காலம். தொலைபேசி நிறுவனமான டயலொக் லீக்கின் அனுசரணையாளராகி, போட்டிகள் தொலைக்காட்சியில் வந்து, நட்சத்திரத்தின் விலை ஏறியிருந்தது. மரிஜா அளவுக்கு ஆடியவருக்கு அழைப்பு வராமல் இருந்திருக்க முடியாது.

ஏன் போகவில்லை? ஒருவருடைய மனதுக்குள் புகுந்து எழுதுவது வரலாற்றுக்காரனின் வேலை அல்ல. வெளியே தெரிவதை மட்டும் சொல்லலாம். அவர் ஆடிய காலத்தின் பெரும்பகுதியில் அந்தக் கழகம் வென்றுகொண்டிருந்தது. அவருக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் நின்றவர்களில் பலர், பாடசாலைக் காலத்திலேயே அவரோடோ அவருக்கு எதிராகவோ ஆடியவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்தால் வீடு கால்மணி நேரத்தில். ஆட்டத்தை நிறுத்திய பின் கழகம் அவரைப் பயிற்றுவிப்பாளராக்கியது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். முப்பத்தைந்து வயதுக்குப் பின் இந்த ஊரில் உனக்கு ஒரு இடம் உண்டு என்று இருபத்தைந்து வயதுக்காரனுக்குக் காட்ட முடிந்த கழகம், அவனுக்கு அடுத்த கழகம் தருவதைவிடக் குறைவாகத் தந்தும் சமாளிக்கும். படைகள் ஓய்வூதியத்தால் செய்ததைக் கண்டி வேறு வழியில் செய்தது.

எல்லோரும் தங்கினார்கள் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் சிலர் போனார்கள், சிலர் திரும்பி வந்தார்கள். ஆனால் போனவரின் இடத்துக்கு நித்தவெலவின் வாசலில் இன்னொருவர் நின்றார்.

இனி உருண்டைப் பந்து.

கண்டியிலிருந்து பேராதனை, கம்பளை வழியாக ரயிலில் போனால் நாவலப்பிட்டி. ரயில்வே ஊர், தோட்டங்கள் சூழ்ந்த ஊர், உதைபந்தாட்ட ஊர். அப்கன்ட்ரி லயன்ஸ் கழகத்தின் வீடு. 2021ல் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் சுப்பர் லீக் என்ற பெயரில் தொழில்முறைப் போட்டியைத் தொடங்கியபோது சேர்த்துக்கொண்ட பத்துக் கழகங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பத்தின் பட்டியலைப் படித்தாலே கதை விளங்கும். டிஃபென்டர்ஸ் தரைப்படை, சீ ஹோக்ஸ் கடற்படை, புளூ ஈகிள்ஸ் விமானப்படை. மீதி: கொழும்பிலிருந்து ரினோன், ரட்ணம், கொழும்பு எஃப்.சி.; களுத்துறையின் புளூ ஸ்டார், பேருவளையின் ரெட் ஸ்டார்ஸ், வென்னப்புவவின் நியூ யங்ஸ். மேற்குக் கரையை விட்டு விலகியிருந்த ஒரே சிவில் கழகம் நாவலப்பிட்டி.

பட்டத்தைப் புளூ ஸ்டார் கொண்டுபோனது. கொரோனாக் காலம் என்பதால் போட்டிகள் பெரும்பாலும் கொழும்பில், பார்வையாளர் இல்லாமல். ஒரு சிறிய கழகத்தின் கையிலிருக்கும் ஒரே சொத்து சொந்த மைதானமும் சொந்தச் சனமும். நாவலப்பிட்டி ஜயதிலக்க மைதானத்தின் இரைச்சல் இல்லாத லயன்ஸ், வாடகைக்கு வந்த அணி போலத்தான். பிறகு வந்தவை ஊரறிந்தவை: 2022 பொருளாதார நெருக்கடி, 2023 ஜனவரியில் இலங்கைக்கு ஃபீஃபா விதித்த தடை, ஓகஸ்டில் அது நீக்கம். சர்வதேசப் போட்டிக் கனவும் சம்பளமும் ஒன்றாய் நின்றுபோன அந்த மாதங்களில், திறமையுள்ள பையன் மாலைத்தீவுக் கழகங்களை எட்டிப் பார்த்ததில் வியப்பில்லை. நம் வீரர்கள் அங்கே போவது பழைய வழக்கமும்கூட.

நித்தவெலவுக்கு முடிந்தது நாவலப்பிட்டிக்கு ஏன் முடியவில்லை? ஏழ்மை என்று ஒரே சொல்லில் முடித்தால் வசதி. அது போதாது. 2010களின் முற்பகுதியில் அப்கன்ட்ரி லயன்ஸ் ரக்பி லீக்கிலும் ஆடியதை வாசகர்கள் சிலர் மறந்திருக்கலாம். நாவலப்பிட்டியை அரசியல் தளமாகக் கொண்ட மகிந்தானந்த அளுத்கமகே விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்த காலம் அது. அந்த ரக்பி அணி நிலைக்கவில்லை. ஆக, செல்வாக்கு அந்த ஊருக்கும் கிடைத்திருந்தது. கிடைக்காதது, நூறாண்டு பழகிய பாடசாலைப் படிக்கட்டு. நாவலப்பிட்டி, கம்பளை, ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் பந்து உதைக்காத பையன் இல்லை. ஆனால் புல்லுள்ள மைதானம், சம்பளத்துக்குப் பயிற்றுவிப்பாளர், ஆண்டுதோறும் தவறாத போட்டி அட்டவணை இவை மூன்றும் சேர்ந்து எத்தனை பாடசாலைக்கு இருக்கின்றன? பிரட்பி கேடயத்துக்கு நிகராக, ஊரே கடையடைத்துப் பார்க்கும் ஒரு தோட்டப்புறப் பாடசாலை உதைபந்தாட்டப் போட்டியைச் சொல்ல முடியுமா?

வீரரை வளர்த்த கழகத்துக்குக் காசு வர ஃபீஃபா விதியில் ஒரு வழி உண்டு. பன்னிரண்டு வயதுக்கும் இருபத்தொரு வயதுக்கும் இடையில் ஒரு வீரரைப் பயிற்றிய கழகங்களுக்கு நட்டஈடு. நாடு விட்டு நாடு விற்கப்படும்போது தொகையில் ஐந்து வீதம் வளர்த்த கழகங்களுக்குப் பங்கு. ஏழைக் கழகத்துக்கு நல்ல விதிதான். ஆனால் அது எல்லை தாண்டும் வீரருக்கு எழுதப்பட்டது. ரயிலேறிக் கொழும்புக்குப் போகும் பையனுக்காக நாவலப்பிட்டிக்கு அந்த விதியில் ஒரு ரூபா வராது.

பில்பாவோவைச் சொல்வதாகச் சொன்னேன். ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ பாஸ்க் மண்ணில் பிறந்த அல்லது வளர்ந்த வீரர்களை மட்டுமே சேர்க்கும். முதற்பிரிவிலிருந்து ஒருமுறைகூட இறங்கியதில்லை. 2024ல் நாற்பது ஆண்டுக்குப் பின் அரசர் கிண்ணத்தை வென்றது. பணம் கொட்டாத கழகத்துக்கு உதாரணமாக எல்லோரும் காட்டுவது இதைத்தான். ஆனால் 2018ல் கோல்காப்பாளர் கேபாவை செல்சீ 80 மில்லியன் யூரோவுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது பாசம் தடுக்கவில்லை. 2025 ஜூலையில் பார்சலோனா கண்வைத்த நிக்கோ வில்லியம்ஸை 2035 வரை நிறுத்திவைத்தார்கள். அது வெறும் ஊர்ப்பாசத்தால் அல்ல. பத்தாண்டு ஒப்பந்தமும், முன்பைவிடப் பாதிக்கு மேல் உயர்த்திய விடுவிப்புத் தொகையும் சேர்ந்து. கேபாக்களை விற்ற பணம் நிக்கோக்களுக்குச் சம்பளமாகிறது. சேர்க்கை வட்டம் சிறிதென்பதால் வெளியே ஆள் வாங்கும் செலவு மிச்சம்.

நித்தவெலவின் கணக்கும் ஏறக்குறைய இதுவே. ஆள் வாங்கும் செலவைப் பாடசாலைகள் மிச்சப்படுத்தின. மிச்சம் பயிற்றுவிப்பாளருக்கும் வேலைவாய்ப்புக்கும் போனது. ஆகவே என் தீர்ப்பு இது: பெரிய செலவில்லாமல் நட்சத்திரத்தை நிறுத்தலாம், ஆனால் அந்தச் செலவை முப்பது வருடம் முன்பே வேறு யாரோ செய்திருக்க வேண்டும். கண்டியில் அதைப் பாடசாலைகள் செய்தன. நாவலப்பிட்டிக்காக இன்னும் யாரும் செய்யவில்லை.

அடுத்த இதழில் போகம்பரை மைதானத்துக்குப் போவோம். சிறைச்சாலை மதிலுக்குப் பக்கத்தில் ஆடப்பட்ட உதைபந்தாட்டத்தைப் பற்றி. நாவலப்பிட்டி, கம்பளை, ஹட்டன் பகுதிகளில் 1960களிலும் 70களிலும் நடந்த தோட்ட அணிப் போட்டிகளின் படங்கள், அழைப்பிதழ்கள், வெற்றிக் கேடயங்கள் யார் வீட்டிலாவது இருந்தால் ஆசிரியருக்கு எழுதுங்கள். துரைமார் ரக்பிக்கு ஆவணம் அலுமாரி அலுமாரியாக இருக்கிறது. தோட்டத்து உதைபந்தாட்டத்துக்கு உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டிதான் ஆவணக்காப்பகம்.

(தொடரும்)